திடலும் தோப்பும்: டெல்டா ஏரிகளைச் சுற்றி ஒரு கூடாரப் பயணம்

வெள்ளி இரவு, வடுவூர் அருகே

டெல்டாவில் கூடாரம் போட இடம் தேட ஆரம்பித்தால் முதலில் புரிவது, இங்கே சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று கிடையாது என்பதுதான். மலைப் பக்கம் போனால் தோட்டத்து ஓரத்திலோ ஓடைக் கரையிலோ ஒரு துண்டு நிலத்தை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். இங்கே வயல், வாய்க்கால், மறுபடியும் வயல். அறுவடை முடிந்த வயலில் போடலாமே என்றால் அதுவும் முடியாது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே, நெல் நிற்கும்போதே, இருக்கிற ஈரத்தில் உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளித்துவிடுகிறார்கள். நெல்லை அறுத்தபின் தாளுக்கு இடையில் அது முளைத்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தாள் வயல்தான் தெரியும். காலை வைத்தால் ஒரு வீட்டின் அடுத்த வருமானத்தை மிதித்துவிடுவோம்.

மிச்சம் இருப்பவை திடல், தோப்பு, களம், படுகை. வயலுக்கு நடுவே மேடாக நிற்பது திடல். தண்ணீர் ஏறாது என்பதால் வீடு, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆற்றின் இரு கரைக்கும் உள்பக்கம் இருப்பது படுகை. வாழையும் மூங்கிலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஆற்றில் தண்ணீர் கூடினால் முதலில் முழுகுவதும் அதுதான். குழந்தைகளோடு வருபவர்கள் படுகையில் ராத்தங்க வேண்டாம். களத்தில் இந்த மாதத்தில் இரவும் பகலும் வேலை நடக்கும். ஆகவே குடும்பத்துக்கு ஏற்றது திடல், அதற்கடுத்து தோப்பு. தோப்பிலும் என்ன தோப்பு என்று பார்க்க வேண்டும், அதை முத்துப்பேட்டையில் எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து காலையில் கிளம்பினோம். நான், கணவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து எழ முடியாது. அதனால் எங்களுக்குக் கட்டிலும் மேற்கத்திய கழிப்பறையும் உள்ள கூடாரம் ஒன்று கட்டாயம் வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கோ தாங்களே கம்பி மாட்டி எழுப்பும் கூடாரம்தான் கூடாரம். இரண்டையும் ஒரே இடத்தில் அனுமதிக்கிறவர்களைத்தான் தேடினோம். கணவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் மூலமாக வடுவூர் பக்கம் ஒரு திடல் கிடைத்தது.

ஜனவரிக் கடைசியைத் தேர்ந்தெடுத்ததற்கு, திங்கள்கிழமை குடியரசு தின விடுமுறை என்பதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். வடகிழக்குப் பருவமழை அதற்குள் விட்டிருக்கும், ஏரியில் தண்ணீர் நிற்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. மூன்றும் சேர்ந்து அமைவது இந்தச் சில வாரங்களில்தான்.

வழியில் கல்லணை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போக எனக்கு மனம் வராது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிவதை மகள் நோட்டில் படமாக வரைந்துகொண்டாள். கல்லணைக் கால்வாய் 1934-இல் திறந்தது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அதை இன்னும் ‘புது ஆறு’ என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் இந்தப் பயணத்தில் பார்க்கப்போகும் ஏரிகள் பலவற்றுக்கு உயிர் கொடுப்பது இப்படிப் பிரிந்து வரும் தண்ணீர்தான் என்று சொல்லி வைத்தேன். அவள் படத்தின் கோடுகளை நீட்டி, கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம் போட்டாள்.

திடலுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. திடல்காரருக்கு அறுபது வயதிருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

“வாங்கம்மா, வாங்க தம்பி. பாட்டிக்கு அந்தக் கூடாரம். புள்ளைங்க கூடாரத்த மாமரத்துக்கும் கொட்டகைக்கும் நடுவுல போட்டுக்குங்க. வைக்கப்போர் பக்கம் மட்டும் வேணாம்.”

ஏன் வேண்டாம் என்று மகன் கேட்டான். “அங்க எலி இருக்கும்யா. எலி இருந்தா அதத் தேடிக்கிட்டு வேற ஒண்ணும் வரும்.”

பாம்பைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிவிடுகிறேன், பயணக் கட்டுரைகளில் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நெல் வயல் என்றால் எலி, எலி என்றால் நல்ல பாம்பும் விரியனும். அறுவடை ஆரம்பித்ததும் எலிகள் மேட்டு நிலத்துக்கு ஏறும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும், கடித்த இடத்தில் வலியே இல்லாமலும் போகும். அதனால் கூடாரத்தின் ஜிப்பை எந்த நேரமும் கடைசிவரை இழுத்து மூட வேண்டும். செருப்பை, ஷூவை வெளியே விட்டால் காலையில் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். இருட்டியபின் டார்ச் இல்லாமல் பத்தடிகூட நடக்கக் கூடாது. விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனை எங்கே என்று பகலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது மன்னார்குடி. இவ்வளவையும் செய்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. இங்கே தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் திடலில்தான் தூங்கி எழுகிறார்கள்.

அம்மாவின் கூடாரத்தைப் பற்றி. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் தடித்த கேன்வாஸ் கூடாரம். மேலே தனியாக இன்னொரு துணிக் கூரை, இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. பகல் வெயிலும் இராப் பனியும் முதல் கூரையோடு நின்றுவிடுகின்றன. இரண்டு கட்டில், ஒரு மேசை மின்விசிறி, கொசுவலை. கழிப்பறை பின்னாலேயே இருபது அடியில், கைப்பிடிக் கம்பியுடன். கூடாரத்திலிருந்து அங்கே போக ஓடு பதித்த நடைபாதை, நெடுக விளக்கு. அம்மா முதலில் அதைத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபின்தான் காபி கேட்டார். வயதானவர்களை அழைத்து வருபவர்கள் முன்பதிவு செய்யும்போது கூடாரத்தின் படத்தைவிட அந்த நடைபாதையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேம்ப் ஃபயர் கிடையாது. சுற்றிலும் வைக்கோல் இருக்கும் இடத்தில் அதைக் கேட்கவும் கூடாது. அதற்குப் பதிலாக மண் அடுப்பில் திடல்கார அம்மா தோசை வார்க்க, அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். வறுத்து அரைத்த உளுந்துப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். போன வருடத்து உளுந்து, எதிரே தெரியும் வயலில் விளைந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போது அறுவடை இயந்திரத்தின் சத்தம் கேட்கிறது. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், மெஷின் கிடைக்கும் நேரத்தில் ஓட்டியாக வேண்டும் என்பதால் இரவு வெகுநேரம் ஓடும் என்று திடல்காரர் முன்பே சொல்லிவிட்டார். அமைதி தேடி டெல்டாவுக்கு வருபவர்கள் தை மாதத்தில் இதை எதிர்பார்த்து வர வேண்டும். பிள்ளைகள் இருவரும் அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டார்கள்.

சனி, வடுவூரும் மன்னார்குடியும்

காலை ஐந்தே முக்காலுக்கு ஏரிக்குப் போனோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கூடாரத் துணி நனைந்து உள்ளே ஒட்டியிருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் தை மாதப் பனி மழைக்குச் சமம். சிறிய கூடாரம் கொண்டுவருபவர்கள் மேலே விரிக்கும் மழைத்துணியைச் சேர்த்தே கொண்டுவர வேண்டும், அதை நன்றாக இழுத்துக் கட்டி உள் துணியில் படாமல் வைக்க வேண்டும். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடியைவிட ஒரு சாணாவது சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனித் தண்ணீர் வழிந்து அதன்மேல் தங்கி, அடிவழியாக உள்ளே ஏறிவிடும்.

வடுவூர், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. பாசனத்துக்காக வெட்டிய ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தண்ணீர் வாங்கும் ஏரி, ஏப்ரல் முதல் ஜூலை வரை காய்ந்து கிடக்கும். கோடை விடுமுறைக்கு என்று திட்டம் போட்டு வந்தால் வெடித்த சேற்றைத்தான் பார்க்க நேரும்.

கரைமேல் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். முதலில் சத்தம்தான் வருகிறது. நாமக்கோழிகள் தண்ணீரில் ஓடி ஓடி எழும்பும் சத்தம், எங்கிருந்தோ நீலத் தாழைக்கோழியின் கரகரப்பு. வெளிச்சம் கூடக் கூட, கருவேல மரங்களின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் அரிவாள் மூக்கன்கள் என்று புரிந்தது. காவல் கோபுரத்தில் ஏறிப் பார்த்தபோது ஏரியின் நடுப்பகுதியில் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதந்தன. வட ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற பறவை அது. மகள் பைனாகுலரை யாருக்கும் கொடுக்கவில்லை. மகனுக்குப் பிடித்தது பாம்புத்தாரா. உடம்பெல்லாம் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் மேலே நெளிந்து போவதைப் பார்த்து, இதுதான் நேற்று தாத்தா சொன்ன பாம்பா என்று கேட்டான். அது மேலே வந்து மரக்கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரித்து உலர்த்தும்வரை அங்கிருந்து நகரவில்லை.

நத்தைகுத்தி நாரைகளை ஏரியைவிட வயலில்தான் அதிகம் பார்த்தோம். அதன் அலகின் நடுவில் ஒரு சந்து இருக்கும். வயலில் நத்தையைப் பிடித்துத் தின்று வாழ்வது. ஏரியில் தங்கி வயலில் மேய்கிறது என்றால் ஏரியை மட்டும் வேலி போட்டுக் காத்தால் போதாது, சுற்றியுள்ள வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்பதும் அதன் வாழ்வைத் தீர்மானிக்கிறது. திடல்காரர் நத்தைகுத்தியைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே மாறிவிட்டது. “நாத்து நட்ட புதுசுல அது வந்து எறங்குனா எங்களுக்குச் சந்தோசம். நத்தையப் பொறுக்கிடும்.”

சரணாலயத்துக்குள் கூடாரம் போட முடியாது. வனத்துறையின் நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். அது சரியும்கூட. மாலையில் பறவைகள் அடையும் நேரம் அவற்றுக்கு ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது. ஏரிக்கு எதிரே அறை ஜன்னல் திறக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வடுவூர் ஏற்ற இடம் இல்லை. இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு திடலில் தங்கிக் காலையில் நடந்து வரத் தயாராக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏரி டெல்டாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

பகலில் வடுவூர் கோதண்டராமரைச் சேவித்துவிட்டு மன்னார்குடி போனோம். இராஜகோபால சுவாமி கோயிலின் தெப்பக்குளமான ஹரித்ராநதி 23 ஏக்கர் பரப்பு. குளம் என்று சொல்ல மனம் வராமல்தான் நதி என்று பெயர் வைத்தார்களோ என்று அம்மா கேட்டார். சாப்பாடு அங்கேயே. மாலையில் முத்துப்பேட்டைச் சாலையில் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்தில் சிறிது நேரம் நின்றோம். அதுவும் 2022-இல் ராம்சர் பட்டியலுக்கு வந்த ஏரி. நேரம் போதவில்லை.

ஞாயிறு, முத்துப்பேட்டையிலிருந்து வீராணம் வரை

நேற்று இரவு தங்கியது முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில். இங்கே கீற்றுக் குடில்கள், அவற்றுக்கு நடுவே மணல் முற்றம். எங்கள் கூடாரத்தை விரிக்க ஆரம்பித்ததும் தோப்பில் வேலை பார்க்கும் அக்கா ஓடிவந்து தடுத்தார். தென்னை மரத்தின் கீழே யாரும் படுக்கக் கூடாது, வண்டியைக்கூட நிறுத்தக் கூடாது. தேங்காய் மட்டுமில்லை, காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும். தோப்பின் நடுவே மரம் இல்லாத வெற்றிடம் ஒன்று இருந்தது, அங்கே போட்டுக்கொண்டோம்.

அந்த வெற்றிடம் ஏன் அங்கே இருக்கிறது என்று காலையில் தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, இந்தப் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. இந்தத் தோப்பில் நிற்பவற்றில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு வைத்த கன்றுகள், இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே மாதக்கணக்காயிற்றாம். வெற்றிடத்தில் மட்டும் மறுபடி கன்று வைக்கவில்லை. மரம் வருமானத்துக்கு வர ஏழெட்டு வருடம் ஆகும், அதுவரைக்கும் ஏதாவது வேண்டும் என்று அந்த அக்காவின் குடும்பம் ஆரம்பித்ததுதான் இந்தக் குடில் வாடகை. நாம் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்து கொடுப்பது எனக்கு நிறைவாக இருந்தது.

காலையில் வனத்துறை அனுமதியோடு ஜாம்பவானோடையிலிருந்து படகு. கோரையாற்றின் வழியாக அலையாத்திக் காட்டுக்கு நடுவே போய், திடீரென்று கரையே தெரியாத காயலில் திறக்கிறது. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைப் பார்த்து மகன் எண்ண ஆரம்பித்து நூறோடு நிறுத்திவிட்டான். அம்மா படகில் ஏறவில்லை. படித்துறையில் தண்ணீர் தாழ்ந்திருந்ததால் படகுக்கும் படிக்கும் இடையே நல்ல இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் நீர்மட்டம் எப்போது ஏறும் என்று முன்பே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

பகல் முழுக்கப் பயணம். திருவாரூர், மயிலாடுதுறை வழியாக வடக்கே ஏறி மாலையில் வீராணம் சேர்ந்தோம். சாலையோரமெல்லாம் நெல் காய்கிறது, அரசு கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகள் காத்திருக்கின்றன. தயவுசெய்து இந்த மாதத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், நெல்லின்மேல் ஏற்றாதீர்கள்.

இன்றைக்கு எடுத்திருப்பது இந்தப் பயணத்திலேயே வாடகை கூடிய இடம். ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தனியார் நிலத்தில், வெள்ளைக் குமிழ் போன்ற கூடாரங்கள். முன்பக்கம் முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். உள்ளே குளிர்சாதனம், பஞ்சு மெத்தை, கூடாரத்தோடு சேர்ந்த குளியலறை. அம்மாவுக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் மாலை நாலரை மணி வெயிலிலேயே உள்ளே நிற்க முடியவில்லை, இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கூரைக் கேன்வாஸில் ஒரு சின்ன மின்விசிறி செய்த வேலை அது.

என்னை வருத்தியது இதுவல்ல. இருட்டியதும் கம்பத்தில் பெரிய விளக்குகளைப் போட்டார்கள், ஏரிப் பக்கம் பார்த்தபடி. அப்புறம் ஸ்பீக்கர். அடைய வந்த நாரைகள் ஏரிக்கரை மரங்களின்மேல் வட்டமிட்டு வட்டமிட்டு, இறங்காமல் வேறு பக்கம் போனதை நானும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகம் சுண்டிவிட்டது. நடத்துபவரிடம் போய்ப் பேசினேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. அதற்கு முன்னாலும் ஏரிப் பறவைகளுக்கு இது தொந்தரவுதான் என்றேன். வருகிறவர்கள் பாட்டு கேட்கிறார்கள் மேடம், என்றார். நாங்களும் வந்தவர்கள்தான், நாங்கள் கேட்கவில்லை என்றேன். சத்தத்தைக் குறைத்தார்கள், ஒன்பதரைக்கு நிறுத்தினார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏரிக்கரையில் தங்க வருகிற நாம் கேட்டால்தான் இது மாறும். முன்பதிவுக்குப் பேசும்போதே கேளுங்கள்: இரவில் ஏரிப் பக்கம் விளக்கு உண்டா, ஸ்பீக்கர் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

திங்கள், வீராணமும் வீடு திரும்புதலும்

விடியலில் கூடாரத்தின் பிளாஸ்டிக் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து, சொட்டுச் சொட்டாகக் கட்டில்மேல் விழுந்தது. வெளியே பனி, உள்ளே ஐந்து பேரின் மூச்சு, நடுவே காற்று போக வழியில்லாத ஒரு தாள். நல்ல கேன்வாஸ் ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் விடாது. குமிழ்க் கூடாரங்கள் வறண்ட குளிர் உள்ள ஊர்களுக்குச் சரிவரலாம், டெல்டாவுக்குச் சரிவராது என்பது என் தீர்மானமான கருத்து.

கரைக்குப் போனதும் அந்த அலுப்பு போய்விட்டது. வீராணத்தின் கரை சுமார் 16 கிலோமீட்டர் நீளம். எதிர்க்கரை பனியில் தெரியவே இல்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்த ஏரி என்பார்கள். வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர், ஏரிக்கும் அதுவே பெயராயிற்று. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004 முதல் இதிலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையில் இருக்கும் தங்கை வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தானா என்று மகள் கேட்டாள், ஆமாம் என்றேன். அவள் கையில் இருந்த பிஸ்கட் உறையை இரண்டு முறை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கரைமேல் சிலர் வண்டியை நிறுத்திக் கூடாரம் போடுகிறார்கள். அது கூடாது. கரை அரசுக்குச் சொந்தம் என்பது ஒரு பக்கம். மண் கரையில் அடிக்கும் ஒவ்வொரு முளையும் தண்ணீர் கசிய ஒரு துளை என்பது இன்னொரு பக்கம். ஆயிரம் வருடமாக மண்ணைப் போட்டுப் போட்டுக் காத்து வருகிற கரை அது. அதன்மேல் நடங்கள், உட்காருங்கள், மீன் வாங்குங்கள். முளை மட்டும் அடிக்காதீர்கள்.

மீன் வாங்கினோம், கெண்டையும் ஒரு விராலும். லால்பேட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துக்கொண்டே காட்டுமன்னார்கோயில் வந்து வீரநாராயணப் பெருமாளைச் சேவித்தோம். நாலாயிரத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர், அம்மா இந்த ஒரு கோயிலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வரச் சம்மதித்திருந்தார். கோயிலுக்கு எதிர்த் தெருவில் ஒரு மெஸ்ஸில் கேட்டதும் விராலைக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் வழியில். கோயிலைப் பற்றி எழுத இது இடமில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பொன்னேரி எனப்படும் சோழகங்கத்தைப் பார்க்காமல் வராதீர்கள். இராசேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக வெட்டிய ஏரி. நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இப்போது பெரும்பகுதி தூர்ந்து கிடக்கிறது.

கடைசியாகக் கரைவெட்டி. இது டெல்டாவின் வடக்கு ஓரம், அரியலூர் மாவட்டம். 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி, பரப்பில் வடுவூரைவிட மிகப் பெரியது. கூழைக்கடாக்கள் வரிசையாக இறங்கியதைப் பார்த்தோம். பக்கத்தில் தங்கத் தோதான இடம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தங்கிக் காலையில் வருவதுதான் நல்லது.

திருச்சிக்கு வந்ததும் திடல்காரருக்குப் போன் செய்தேன். அரையாண்டு விடுமுறைக்கு வரலாமா என்று கேட்டதற்கு, “டிசம்பர் மொத வாரம் வரைக்கும் வேணாம்மா, எப்ப மழ கொட்டும்னு சொல்ல முடியாது. இருபத்தஞ்சுக்கு மேல வாங்க, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு ஏரித் தண்ணி எப்டி இருக்குன்னு கேட்டுக்குங்க” என்றார். முன்பணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அம்மாவின் கூடாரம் ஒன்றும், மாமரத்தடியில் பிள்ளைகளுக்கு இடமும் டிசம்பர் 26 முதல் மூன்று இரவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதே நாட்களில் வர நினைக்கும் குடும்பம் இருந்தால், அங்கே இன்னொரு கேன்வாஸ் கூடாரம் காலியாக இருக்கிறது.